விழுங்காமல் போட்ட கையெழுத்து

பெங்களூரில் வேலை பார்க்கும் செல்வி போன வாரம் போன் செய்தாள். எங்கள் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் கீழே மூன்று வருடம் இருந்தவள். இப்போது அங்கே செம்பு அண்டாக்களைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிறுத்தி, வருகிறவர்கள் கண் முன்னாலேயே பீர் காய்ச்சித் தருகிற கடை ஒன்றில் இருக்கிறாள். மாம்பழம், மிளகு, காப்பிக்கொட்டை என்று வாரம் ஒரு சோதனை நடக்கிறதாம். ருசி பார்க்கிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டே பார்க்கிறார்களாம். "நாங்க ஆளுக்கொரு சுவரப் பாத்து உக்காந்துதான் ருசி பாப்போம்னு சொன்னேன் சார். யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. ஏன் அப்படின்னு நீங்க எழுதிக் குடுங்க" என்றாள்.

அவர்கள் நம்பாததில் தப்பில்லை. சுவரைப் பார்த்து உட்காருவது பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தண்டனை. எங்களுக்கும் அது ஏறக்குறைய அப்படித்தான் வந்து சேர்ந்தது.

திண்டுக்கல்லுக்கும் வேடசந்தூருக்கும் நடுவில், நூற்பாலைகளைத் தாண்டி, வேலிக்கருவைக்கு மத்தியில் இருந்த ஒரு சிறிய பீர் கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்தேன். பரிசோதனைக் கூடத்துக் கெமிஸ்ட் என்று பதவிப் பெயர். தினமும் பீரை ருசி பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வேலையின் முக்கியப் பகுதி. இந்த இருபதில் முதல் பன்னிரண்டு வருடம் ஒரு சொட்டு பீர்கூட என் தொண்டைக்குள் இறங்கவில்லை. செல்விக்குத் தெரிந்தது பிந்தைய கதை. முந்தையதை, அப்போது கூட இருந்தவர்களைத் தவிர, இத்தனை நாளும் நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேதியியலில் பட்டம், இரண்டாம் வகுப்பு. படித்து முடித்ததும் பேகம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் சேர்ந்தேன். தோல் ஊறும் தொட்டிகளுக்கு மருந்துச் சரக்கு சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கும் வேலை. கருவிகள் வாங்கித் தருவதாக முதலாளி வருடா வருடம் சொல்லுவார். கருவி வரவில்லை. அதற்குள் என் மூக்கே கருவியாகிவிட்டது. மூடியைத் திறக்காமலேயே எந்தத் தொட்டியில் சுண்ணாம்பு குறைவு என்று சொல்லிவிடுவேன்.

தோல் ஷாப்புக்காரன் குடிக்காமல் இருக்க மாட்டான், அந்த நாற்றத்தை வேறு எப்படித் தாங்குவான் என்பது ஊர்க்காரர்களின் தீர்மானம். எனக்குப் பெண் கொடுத்த லூர்துசாமி வாத்தியாருக்கும் அதே சந்தேகம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்னை அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் நிறுத்தி, இனி ஆயுசுக்கும் குடிக்க மாட்டேன் என்று சொல்ல வைத்தார். அதற்கு முன்பும் நான் குடித்ததில்லை. ஆனாலும் மாமனார் கேட்கிறாரே என்று சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து, நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி ஜெசிந்தா கிட்டே வந்து வாயை மோந்து பார்ப்பாள். கோபமோ சந்தேகமோ முகத்தில் இருக்காது. பால் திரிந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி மோந்து பார்த்துவிட்டுக் காப்பி போடப் போய்விடுவாள்.

எண்பத்தொன்பதில் தோல் ஷாப்பு ஆள் குறைத்தது. அப்போதுதான் பீர் கம்பெனியில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

என்னை நேர்காணல் செய்தவர் துரைசாமி. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். பீர் காய்ச்சுவதற்கு அவர்தான் தலைமை, அதனால் ஆலையில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் கோடாகத் திருநீறு, யாரையும் ஒருமையில் கூப்பிடாத வாய். என் சான்றிதழ்களை அவர் பிரிக்கவே இல்லை. மேசையில் மூன்று கிளாஸ் தண்ணீர் வைத்து, எது எந்தத் தண்ணீர் என்று சொல்லச் சொன்னார். ஒன்று உப்புக் கரித்தது, அது ஆலையின் ஆழ்துளைக் கிணறு. ஒன்றில் குழாயின் குளோரின், அது திண்டுக்கல் நகராட்சி. மூன்றாவது வாயில் இருப்பதே தெரியவில்லை. ஆத்தூர் அணைத் தண்ணீர் என்றேன். "நாளைக்கு வந்துருங்க" என்றார். தண்ணீரை மட்டுமே கொடுத்ததால், குடிக்க மாட்டேன் என்ற நேர்ச்சையைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய்ப்பே வரவில்லை. அப்படித்தான் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ருசி பார்ப்பது தினமும் காலை பதினொரு மணிக்கு. காலைச் சாப்பாடு செரித்து, மதியப் பசி இன்னும் எடுக்காத நேரத்தில்தான் நாக்கு ஒழுங்காக வேலை செய்யும் என்பது மாஸ்டரின் கணக்கு. ஒன்பது மணிக்கு மேல் காப்பி கிடையாது. வெற்றிலை, பொடி கிடையாது. முகத்துக்குப் பவுடர் கூடாது. முந்தின இரவு பிரியாணி சாப்பிட்டவன் அறைக்குள்ளேயே வரக்கூடாது. எங்கள் ஊரில் இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடிப்பது கொஞ்சம் சிரமம். கிளாஸ்களைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் மட்டும் கழுவி, துணியில் கவிழ்த்து உலர்த்த வேண்டும். ஒரு பீருக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு பிடி உப்பில்லாத பொரி, ஒரு மடக்கு ஆத்தூர் தண்ணீர். பீர் ரொம்பக் குளிர்ச்சியாகவும் இருக்கக்கூடாது. குளிர்ந்த பீர் தன் குறையை மறைத்துக்கொள்ளும் என்பார்.

மாஸ்டர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். கிளாஸை ஒரு அட்டையால் மூடி, திறந்து, முகர்ந்து, நுரை அடங்குகிறதா என்று வாய்க்குள்ளேயே அறுபது வரை எண்ணுவார். அப்புறம் ஒரு வாய். யாரும் பேசக்கூடாது. எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் பேச்சு. அவருடைய தீர்ப்புகளில் மொத்தம் மூன்றே சொற்கள். "குடிக்கலாமுங்க" என்றால் அந்தத் தொட்டி சாக்கடைக்குப் போகப் போகிறது. "இருக்குதுங்க" என்றால் விற்பனைக்குப் போகலாம். "பரவாயில்லீங்க" என்பது உச்சம். முதல் பன்னிரண்டு வருடத்தில் அதை நான் இரண்டே முறை கேட்டேன்.

பதிவேட்டில் நிறம், நுரை, மணம், ருசி, பின்ருசி என்று ஐந்து கட்டம். பின்ருசி என்பது விழுங்கிய பிறகு நாக்கின் அடியிலும் தொண்டையிலும் நிற்கிற ருசி. பீருக்குக் கசப்பு கொடுக்க ஹாப்ஸ் என்று ஒரு பூவைப் போடுவார்கள். அந்தக் கசப்பு சுத்தமாக வந்து சுத்தமாகப் போகிறதா, இல்லை தங்கித் தொந்தரவு செய்கிறதா என்பது விழுங்கினால்தான் தெரியும். முதல் நாளே மாஸ்டர் சொல்லிவிட்டார்: "துப்புனா பாதிதானுங்க தெரியும்." முதல் நாளே நான் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். பொரிக்குப் பிறகு தண்ணீர் குடிக்க ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. தண்ணீர் குடிப்பது போல அதை வாயருகே கொண்டுபோய், பீரை அதற்குள் விட்டுவிடுவேன். எவர்சில்வருக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது.

அப்படியானால் பின்ருசிக் கட்டத்தை எப்படி நிரப்பினாய் என்று கேட்பீர்கள். மூன்றாவது ஆளாக பாண்டி இருந்தார். பாய்லர் ஓட்டுகிறவர், வேடசந்தூர்க்காரர், சைக்கிளில் வருவார். படித்தவர்கள் நாக்கு மட்டும் போதாது, பீர் குடிக்கிறவன் நாக்கு ஒன்றும் வேண்டும் என்று மாஸ்டர் அவரைச் சேர்த்திருந்தார். பாண்டிக்கு எழுத்து சரியாக வராது, கட்டத்தில் கோடு போடுவார். ஆனால் முகம் நன்றாகப் பேசும். கசப்பு தங்கினால் இடது கண் சுருங்கும். நன்றாக இருந்தால் புறங்கையால் மீசையைத் துடைப்பார். அந்தக் கண்ணையும் மீசையையும் பார்த்துத்தான் பன்னிரண்டு வருடம் பின்ருசி எழுதினேன். தினமும் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் ஜெசிந்தா மோந்து பார்க்கும்போது வாய் கொப்பளித்த பீரின் வாசம் வரத்தான் செய்யும். அவள் ஒன்றும் சொன்னதில்லை. விழுங்கவில்லை என்று என் மனசுக்குத் தெரியும், அது போதும் என்று இருந்தேன். வாத்தியார் காலமாகிவிட்டிருந்தார். இருந்திருந்தால் இதற்கு விலக்கு உண்டா என்று கேட்டிருக்கலாம். செத்துப்போனவருக்குக் கொடுத்த வாக்கை யாரிடம் போய்த் திருத்துவது?

பெரிய கம்பெனிகளோடு நாங்கள் போட்டி போட முடியாது. முதலாளிக்கு அது தெரியும். அவர் பீர் குடிக்காதவர், மோர்தான் குடிப்பார். ஆனால் புதிது புதிதாக ஏதாவது காய்ச்சினால்தான் பிழைக்கலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. சோளம் போட்டுக் காய்ச்சினோம், அது மாட்டுத் தீவனத்தை நினைவூட்டியது. இஞ்சி பீரைக் குடித்த பாண்டி, தன் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தபோது கொடுத்த மருந்து இதே ருசிதான் என்றார். சிறுமலை வாழைப்பழ பீரை முகர்ந்து பார்த்துவிட்டு மாஸ்டர் "குடிக்கலாமுங்க" என்றார். தொட்டிகளுக்கெல்லாம் கலால் அதிகாரியின் திண்டுக்கல் பூட்டு தொங்கும். அவர் வந்து திறந்து, அவர் முன்னிலையில்தான் கொட்ட வேண்டும். கொட்டிய இடத்தில் மேய்ந்த ஆடுகள் இரண்டு நாள் வீடு திரும்பவில்லை என்று ஆட்டுக்காரர் சண்டைக்கு வந்தார்.

2001 ஐப்பசியில் ஆயக்குடியிலிருந்து இரண்டு வேன் கொய்யாப்பழம் வந்து இறங்கியது. முதலாளியின் சம்பந்தி வீட்டுத் தோப்பு. பழத்தின் மணம் ஆலை முழுக்க நிறைந்தது. முதல்முறையாக எனக்கும் இது தேறிவிடும் என்று தோன்றியது. பார்லியை உடைக்கிற மிஷினிலேயே பழங்களை விட்டுக் கூழாக்கி, நொதிக்கும் தொட்டியில் சேர்த்தோம். மாஸ்டர் அந்தத் தொட்டியைத் தினமும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஓய்வு பெறுவதற்குள் தன் பெயர் சொல்ல ஒரு பீர் காய்ச்சிவிட வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. தொட்டியைத் தடவுகிற விதத்தில் தெரியும்.

தொட்டி தயாரானபோது கார்த்திகை பிறந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் கார்த்திகை பிறந்தால் பாதிப் பேர் மாலை போட்டுக் கறுப்பு வேட்டிக்கு மாறிவிடுவார்கள். அவர்கள் முடித்துவிட்டு வருவதற்குள் தை பிறந்து, மீதிப் பேர் பச்சை கட்டிப் பழனிக்கு நடக்கத் தொடங்குவார்கள். அதற்கப்புறம் எங்களுக்குத் தவக்காலம். பீர் கம்பெனி நடத்துவதற்கு இவ்வளவு பக்தியுள்ள ஜில்லாவை முதலாளி எப்படித் தேடிப் பிடித்தார் என்று தெரியவில்லை. அதுவரை மாலை போடாமல் இருந்த பாண்டி, மகளுக்குப் பிள்ளை பிறந்தால் மலைக்கு வருவதாக வேண்டிக்கொண்டு, அந்த வருடம் கன்னிச்சாமியாக மாலை போட்டுக்கொண்டார். பதினொரு மணிக்கு அறை வாசலில் வந்து நின்று, "தப்பா நெனைக்காதீங்க சாமி, நாப்பத்தெட்டு நாளைக்கு என்னைக் கூப்பிடாதீங்க. பாய்லர்ல வெறும் தண்ணிதான், அதுனால அதை ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டருக்கு அந்த வாரம் கடுமையான ஜலதோஷம். மூக்கு அடைத்துப் போயிருந்தது. நானும் அவரும் மட்டும் உட்கார்ந்தோம். கொய்யா பீரை முகர்ந்தேன். ஆயக்குடித் தோப்புக்குள் நிற்பது போல இருந்தது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயில் வைத்தேன், அருமை. டம்ளரில் விட்டேன். பின்ருசிக் கட்டம் காலியாக இருந்தது. பார்க்கப் பாண்டியின் முகம் இல்லை. வேறு வழியில்லாமல் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் சந்தோஷத்தைப் பார்த்து அவர் புருவம் லேசாக உயர்ந்தது. அதைப் பார்த்து, சரி, அவருக்கும் பிடித்துவிட்டது என்று நான் பின்ருசியில் 'சுத்தம்' என்று எழுதினேன். "நீங்க சொன்னாச் சரிங்க" என்று சொல்லி மாஸ்டர் கீழே கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் முதலாளி புறவழிச்சாலையில் ஒரு மண்டபம் பிடித்து, பழனியிலிருந்து நத்தம் வரை கடையும் பாரும் வைத்திருப்பவர்கள் இருபது பேரை விருந்துக்கு அழைத்தார். கொய்யாவின் அவசரத்தில் அவரும் கார்த்திகையை மறந்துவிட்டார். வந்த இருபதில் பதினோரு பேர் கறுப்பு வேட்டியில் வந்து, கோலி சோடா கேட்டு வாங்கி ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள். மீதி ஒன்பது பேருக்குக் கிளாஸ் கிளாஸாகக் கொய்யா பீர் போனது.

முகம் பார்ப்பதில் எனக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். ஒன்பது பேரும் முகர்ந்தார்கள், முகம் மலர்ந்தது. ஒரு வாய் வைத்தார்கள், இன்னும் மலர்ந்தது. விழுங்கினார்கள். வரிசையாக ஒன்பது இடது கண்கள் சுருங்கியதைப் பார்த்தேன். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கிளாஸ்கள் பாதியோடு ஒவ்வொன்றாக மேசைக்குத் திரும்பின. முதலாளி சிரித்த முகமாக எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தவர்தான் மனசு விட்டுச் சொன்னார்: "வாயில வெக்கறப்ப நல்லாத்தானுங்க இருக்குது. உள்ள போனப்பொறகுதானுங்க வம்பு பண்ணுது."

ஆலைக்குத் திரும்பியதும் முதலாளி பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். 'சுத்தம்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, இதை எழுதியது யார் என்று கேட்டார். கையெழுத்து என்னுடையது. நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர், கடைசிக் கையெழுத்து தன்னுடையது, மூக்கடைப்போடு உட்கார்ந்தது தன் தப்பு என்று சொல்லிவிட்டார். அப்படியானால் இந்த மாதத்தோடு நின்றுகொள்ளுங்கள் என்று முதலாளி சொன்னார். அந்த ஆலையின் முதல் தொட்டியை நிறுத்தி நட்டும் போல்ட்டும் முடுக்கியவர் துரைசாமி. அவருக்கு ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. நான் அந்த இடத்திலேயே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. வெட்கத்தைவிடப் பயம் எனக்கு அதிகமாக இருந்தது.

மாஸ்டர் என்னைக் கூட்டிக்கொண்டு ருசி அறைக்குப் போனார். ஒரு கொய்யா பீரைத் திறந்து ஒரு கிளாஸில் ஊற்றினார். என் எவர்சில்வர் டம்ளரை எடுத்து, எனக்கு எட்டாத தூரத்தில் ஜன்னல் கட்டையில் வைத்தார். "இன்னைக்கு இது வேண்டாமுங்க" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வருடத்திலிருந்தே தெரியுமாம். ஏதோ வேண்டுதல் போல, சொல்ல முடியாமல் இருக்கிறான் என்று விட்டுவிட்டாராம்.

"முழுங்குங்க."

விழுங்கினேன். ஐம்பது வயதில் முதல் வாய். முதலில் கொய்யா வந்தது. அடுத்து ஒரு துவர்ப்பு. பச்சை வாழைப்பூவைக் கடித்தது போல நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது போகவே இல்லை. ஒன்பது பேரின் கண்களும் ஏன் சுருங்கின என்று என் இடது கண் சுருங்கியபோது தெரிந்துகொண்டேன். பாண்டியின் முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை வருடமும் எழுதினேன் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

பாண்டியைக் கூப்பிட்டனுப்பினார். கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வந்து நின்றார். எதை வைத்துக் கண்ணைச் சுருக்குவீர்கள் என்று மாஸ்டர் கேட்டதும் அவர் மாலையைத் தொட்டுக்கொண்டார். "விரதத்துல இருக்கேன் சாமி, பொய் சொல்லக் கூடாது. எனக்கு அம்புட்டு பீரும் நல்லாத்தான் இருந்துச்சு. அதைச் சொன்னா ஒண்ணும் தெரியாதவன்னு பாய்லரோட நிறுத்திருவீகளோன்னு பயம். அதான் உங்க புருவத்தப் பாத்து, அதுக்கு ஏத்தாப்புல கண்ணச் சுருக்குவேன்."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். சர்க்கரைக்கு மாத்திரை தின்னத் தொடங்கிப் பதிமூன்று வருடமாகிறது. எது பீரின் கசப்பு, எது மாத்திரையின் கசப்பு என்று நாக்குக்குத் தெரிவதில்லை. "நானு உங்க மூக்கத்தானுங்க பாத்துட்டு இருந்தேன், சவரிமுத்து. மூக்கு விரிஞ்சா என்ர புருவம் ஏறும்."

நான் பாண்டியைப் பார்த்தேன், பாண்டி மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாகத் தினமும் பதினொரு மணிக்கு, பொரியெல்லாம் வைத்து, வாய் பேசாமல், இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறோம். மணம் மட்டும் நிஜமாகப் பார்க்கப்பட்டது. பின்ருசியை மூன்று பேரில் ஒருவரும் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாஸ்டர் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் நின்றுவிட்டன.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு ஒரே நினைப்புதான். வாத்தியாருக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. வாசலில் ஜெசிந்தா வழக்கம்போல் மோந்து பார்த்தாள். காப்பி போடத் திரும்பினாள். நானாகவே சொன்னேன்: "இன்னைக்கு முழுங்கிட்டேன்."

"தெனமும் முழுங்குறதுதானே?"

இல்லை என்றேன். டம்ளரைப் பற்றிச் சொன்னேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இத்தனை வருடமும் பட்ட பாட்டைச் சொன்னேன். மெச்சிக்கொள்வாள் என்று ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்க வேண்டாம். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ருசி பாக்குறதுக்கும் குடிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நானு? அளவு மீறிப் போகுதான்னு பாக்கத்தான் மோந்து பாத்தேன்" என்றாள். அப்புறம் குரல் மாறியது. "அப்போ முழுங்காமயே முழுங்குனேன்னு பன்னெண்டு வருசமா கையெழுத்துப் போட்டிருக்கீக. எங்கப்பா உங்கள குடிக்க வேணாம்னுதான் கேட்டாரு. பொய்க் கையெழுத்துப் போடச் சொல்லலையே."

இத்தனை வருடம் நான் பத்திரமாகக் காத்து வைத்திருந்தது எது என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்காக ஒரு மனுஷர் வேலையை விட்டுப் போகப் போகிறார். தலையைக் குனிந்துகொண்டு மாஸ்டருக்கு நேர்ந்ததையும் சொன்னேன். நாக்கில் அந்தத் துவர்ப்பு அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது, காப்பியே இறங்கவில்லை. அதையும் சொன்னேன். பழத்தை எப்படி அரைத்தீர்கள் என்று கேட்டாள். முழுசாக மிஷினில் விட்டோம் என்றேன்.

"வெதையோடயா?"

"வெதையோடத்தான்."

கன்னியர் மடத்தில் படித்தபோது அவள் கொய்யா ஜாம் போடக் கற்றவள். பழத்தை வேகவைத்துச் சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும், ஒரு விதை உடைந்தாலும் பானை முழுக்கத் துவர்க்கும் என்று மதர் அடித்துச் சொல்லிக் கொடுத்தாராம். நாங்களோ, பார்லியை உடைக்கவே செய்த மிஷினில் இரண்டு வேன் விதையை உடைத்திருக்கிறோம்.

மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்து, 'சுத்தம்' என்று எழுதிய இடத்துக்குக் கீழே இப்படி எழுதினேன்: 'இதை நான் விழுங்கிப் பார்க்கவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எதையும் விழுங்கிப் பார்த்ததில்லை. தப்பு என்னுடையது, மாஸ்டருடையது அல்ல.' கையெழுத்துப் போட்டேன். அந்தப் பதிவேட்டில் நான் போட்ட முதல் ஒழுங்கான கையெழுத்து அதுதான். முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, என்னை அனுப்பிவிடுங்கள், அவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ருசி சொன்னதையும், விதை விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் இரண்டு முறை படித்தார். மோர் வரவழைத்துக் குடித்தார். "அப்போ இம்புட்டு வருசமும் நம்ம பீரு நல்லா இருந்துச்சா, இல்லையா?" என்று கேட்டார். தெரியவில்லை முதலாளி என்றேன். "வித்துச்சே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். யாரை அனுப்பினாலும் மூன்று பேரையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருக்கும். தையில் இன்னொரு தொட்டி போடுங்கள், அது தேறினால் பார்க்கலாம் என்றார்.

தையில் ஆயக்குடியிலிருந்து மறுபடி வேன் வந்தது. ஜெசிந்தா ஆலைக்கு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எட்டு ஆட்களுக்குச் சல்லடையில் தேய்க்கக் காட்டிக் கொடுத்தாள். மாஸ்டர் பக்கத்தில் கைகட்டி நின்று, "இப்படீங்களா, இப்படீங்களா" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துக்கொண்டார். பாண்டி மலைக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

ருசி பார்க்கிற நாளில் அறைக்குள் போனால் நாற்காலிகள் இடம் மாறியிருந்தன. மூன்றும் மூன்று சுவரைப் பார்த்து இருந்தன. மாஸ்டரின் ஏற்பாடு. எவர்சில்வர் டம்ளர்கள் போய்க் கண்ணாடி டம்ளர்கள் வந்திருந்தன. நான் வடக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முகர்ந்து, வாயில் வைத்து, விழுங்கினேன். சுண்ணாம்பு உரிந்திருந்த சுவரைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. தொண்டையில் கொய்யா வந்தது, கசப்பு வந்தது, போயிற்று. நான் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து ஒரு சொல்லை எழுதியதில்லை. முன்பு எழுதிய அதே சொல்தான், 'சுத்தம்'. மூன்று பேரும் எழுதியதை மாஸ்டர் சேர்த்து வைத்துப் படித்தார். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"பரவாயில்லீங்க."

மாஸ்டர் தன் ஓய்வு நாள் வரை இருந்துதான் போனார். கொய்யா பீர் இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. அப்புறம் ஆலை கைமாறியது, புதியவர்களுக்குக் கொய்யாவில் விருப்பம் இல்லை. ஆனால் நாற்காலிகளை யாரும் திருப்பிப் போடவில்லை. காரணம் தெரியாமலேயே புதிதாக வந்தவர்களும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். செல்வியும் அப்படித்தான் உட்கார்ந்தாள்.

ஜெசிந்தா மோந்து பார்ப்பதை நான் ஓய்வு பெறும் வரை நிறுத்தவில்லை. ஆனால் பார்ப்பது வேறாகிவிட்டது. ஒருநாள் மிஷின் பழுதாகி, ருசி பார்க்க ஒன்றும் இல்லாமல் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே நிறுத்தி மோந்தாள். முகம் சுருங்கியது. இன்னொரு தடவை மோந்தாள்.

"வாய் ஒண்ணும் மணக்கலையே. வேலை இல்லையா, இல்ல பழையபடி ருசி பாக்காமயே கையெழுத்துப் போட்டுட்டு வாரீகளா?"